காலை உணவும் கடிகாரமும்: படப்பை வட்டாரத்திலிருந்து ஓர் ஆய்வு

படப்பையில் நாளின் முதல் உணவை எப்போது, எங்கே, யார் கையால் உண்பது என்பதைப் பசி தீர்மானிப்பதில்லை. ஒரகடத்து ஆலையின் ஷிப்ட் நேரம், தாம்பரத்தில் பிடிக்க வேண்டிய மின்ரயில், ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் மணி ஆகிய மூன்றும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. இரவு உணவை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டால் வீட்டில் யாரும் கேட்கப்போவதில்லை. காலை உணவு அப்படியல்ல. பதினைந்து நிமிடம் தவறினால் கம்பெனி பஸ் போய்விடும், அல்லது தட்டில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டுக் குழந்தை பள்ளிக்கு ஓட வேண்டியிருக்கும். ஒரு நாளின் மூன்று வேளைகளில் பிறர் வகுத்த நேரத்துக்கு அதிகம் கட்டுப்பட்டது காலை வேளைதான். அதனால்தான் ஏழை வீடுகளில் முதலில் விட்டுப்போகும் வேளையும் அதுவாகவே இருக்கிறது.

தாம்பரத்துக்கு மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டரில், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், காஞ்சிபுரம் மாவட்டத்தின் குன்றத்தூர் வட்டத்தில் இருக்கிறது படப்பை. கிழக்கே தாம்பரம் மாநகராட்சி, மேற்கே ஒரகடம் தொழிற்பூங்கா, வடக்கே மணிமங்கலம். சுற்றிலும் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள். இன்று அதே ஊர்களில் வீட்டுமனைகளும் தொழிலாளர்கள் வாடகைக்கு இருக்கும் வரிசை வீடுகளும் நிறைந்திருக்கின்றன. வயல், ரயில், ஆலை என்று மூன்று விதமான வேலை நேரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த இடம் இது. காலை உணவு எப்படி வீட்டுக் காரியமாக இருந்து பொதுக் காரியமாக மாறியது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான வட்டாரம் எளிதில் கிடைக்காது.

இந்தக் கட்டுரை முன்வைக்கும் கருத்து ஒன்றுதான். காலை உணவின் வரலாறு, உண்ணும் பொருளின் வரலாறாக இருப்பதைவிட, அதைச் சமைக்க யாருடைய விடியற்காலை செலவாகிறது என்பதன் வரலாறாகவே இருக்கிறது. அந்தச் செலவைக் கணக்கில் கொள்ளாத எந்த உணவுத் திட்டமும் பாதித் திட்டம்தான்.

கூழும் பழையதும்

தொண்டை மண்டலத்து உழவர் வீடுகளின் பழைய காலை உணவு இரண்டு: கேழ்வரகுக் கூழ், பழைய சோறு. இரண்டுக்கும் ஒரு பொதுத் தன்மை உண்டு. இரண்டுமே முந்தின நாளே ஆகிவிட்டவை. இரவில் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் விடியும்போது பழையது தயார். மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யோடு சேர்த்து முதல் நாளே காய்ச்சி வைத்த கூழைக் காலையில் மோரோ தண்ணீரோ விட்டுக் கரைத்தால் போதும். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர் மிளகாய், கருவாடு, எது இருக்கிறதோ அது. நாற்று நடவும் களை எடுக்கவும் பெண்களும் இருட்டோடு கிளம்ப வேண்டியிருந்த வீடுகளில், விடியற்காலையில் அடுப்பு மூட்டத் தேவையில்லாத உணவுதான் நடைமுறைக்கு உகந்தது. அந்த உணவில் இருந்த அறிவு அதன் சத்தில் மட்டும் இல்லை. சமைப்பவரின் காலை நேரத்தை அது மிச்சப்படுத்தியதிலும் இருந்தது.

நீராகாரத்தில் பெருகும் லாக்டிக் அமில நுண்ணுயிரிகள் பற்றி இன்று மருத்துவ உலகமும் ஆர்வம் காட்டுகிறது. குடல் அழற்சி நோய்க்குப் பழைய சோற்று நீர் எந்த அளவு உதவும் என்று அறியச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மாநில அரசின் நிதியுதவியோடு ஆய்வு ஒன்றை மேற்கொண்டது. ஆனால் பழையதைப் போற்றும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அது விருப்பத்தால் மட்டும் உண்ணப்பட்டதில்லை. முந்தின இரவு சோறு வடித்த வீட்டில்தான் மறுநாள் பழையது இருக்கும். இரவிலேயே பானை காலியான வீட்டில் காலை வேளை என்று ஒன்று இருந்ததில்லை.

இட்லியும் தோசையும் அப்போது இல்லாமல் இல்லை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகவைக்கும் கோயில் இட்லி நைவேத்தியமாகப் படைக்கப்படுகிறது. உணவு வரலாற்றறிஞர் கே. டி. அச்சயா, இட்லியின் முன்வடிவத்தைப் பத்தாம் நூற்றாண்டின் கன்னட நூலான வட்டாராதனையிலிருந்து தேடிச் சென்றார். எனினும் கூலி வேலை செய்யும் வீடுகளில் இட்லி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உரிய பண்டமாகவே நெடுங்காலம் இருந்தது. அரிசியும் உளுந்தும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. அவற்றை ஆட்டுக்கல்லில் ஆட்ட ஒரு பெண்ணின் அரை மாலைப் பொழுது வேண்டும். பகல் முழுதும் வயலில் இருப்பவளுக்கு அந்த மாலை கிடைக்காது.

டிபன் எளியவர் வீட்டுக்கு வந்த வழி

சூடாகச் சமைத்த காலை டிபன் என்னும் பழக்கம் நகரத்திலிருந்து புறநகருக்குப் பரவியது. அலுவலக நேரம் அதைக் கொண்டுவந்தது. சென்னைக் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியபின், தாம்பரத்தில் குடியிருந்து ஜார்ஜ் டவுனில் குமாஸ்தா வேலை பார்ப்பது நடைமுறைக்கு வந்தது. காலையில் சாப்பிட்டுவிட்டு, மதியத்துக்கும் கட்டிக்கொண்டு, குறித்த நிமிடத்தில் நடைமேடையில் நிற்கும் வாழ்க்கை அது. காப்பியும் இட்லியும் தரும் ஓட்டல்கள் அந்த வாழ்க்கையோடு வளர்ந்தன. காப்பி தமிழ் நடுத்தர வகுப்பின் அடையாளமாக மாறிய வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக ஆராய்ந்திருக்கிறார். எந்தப் பானத்தை எந்தச் சாதியார் எந்தக் கடையில் அருந்தினார்கள் என்பது அன்று வெறும் ருசிப் பிரச்சினை இல்லை என்பதை அந்த ஆய்வு தெளிவாக்குகிறது.

காலை உணவு பொது இடத்துக்கு வந்தபோது சாதியும் கூடவே வந்தது. ஓட்டல்களில் சாப்பிடும் இடம் சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பெயர்ப்பலகையிலேயே சாதிப் பெயர் தொங்கியது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் திராவிடர் கழகத்தினர் மாதக்கணக்கில் மறியல் செய்தது அந்தப் பலகைக்கு எதிராகத்தான். கிராமத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை அதற்குப் பிறகும் பல காலம் நீடித்தது. ஒரே வரிசையில் உட்கார்ந்து இட்லி தின்பது இன்று சாதாரணமாகத் தெரிகிறது. அந்தச் சாதாரணத்துக்காக ஒரு தலைமுறை தெருவில் நிற்க வேண்டியிருந்தது.

வீட்டுக்குள் டிபன் எளிதானதற்குக் காரணம் இயந்திரம். கோவையைச் சேர்ந்த பி. சபாபதி 1955-இல் மின்சார ஈர மாவு அரைவை இயந்திரத்தை உருவாக்கினார். கிரைண்டர் என்று எல்லோரும் சொல்லும் அந்த இயந்திரம் ஓட்டலுக்கும் வசதியான வீட்டுக்கும் முதலில் போனது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் அதை ரேஷன் அட்டை வைத்திருந்த ஏழை வீடுகளுக்கும் கொண்டுபோனது. அதே ஆண்டு ஜூன் முதல் ரேஷன் அரிசியும் விலையில்லாமல் கிடைத்தது. அரிசியும் ஆட்டும் இயந்திரமும் ஒரே ஆண்டில் வரத் தொடங்க, திருநாள் பண்டமாக இருந்த இட்லி வார நாள் உணவானது. கேழ்வரகுக் கூழ் ஆடி மாதத்து மாரியம்மன் கோயில் வாசலோடும் கோடைகாலத் தள்ளுவண்டியோடும் ஒதுங்கியது.

இப்போது அடுத்த மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. புறநகர்த் தெருக்களில் பாக்கெட் மாவு விற்காத மளிகைக் கடையைக் காண்பது அரிது. கிரைண்டர் அலமாரிமேல் ஏறிவிட்டது. மாவாட்டும் நேரம்கூட இல்லாத வீடுகள் பெருகிவிட்டன. காரணத்தை அறிய ஒரகடம் பக்கம் திரும்ப வேண்டும்.

ஷிப்ட் வகுத்த காலை

ஒரகடத்தில் ரெனோ–நிசான் கார் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. டைம்லர் கனரக வாகன ஆலை 2012-இலும், ராயல் என்ஃபீல்டின் புதிய ஆலை 2013-இலும் உற்பத்தியைத் தொடங்கின. இவற்றுக்கு உதிரிபாகம் செய்துதரும் நிறுவனங்கள் சாலையின் இருபுறமும் எழுந்தன. ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால் பக்கம் மின்னணு ஆலைகள் வந்தன. பல ஆலைகளில் முதல் ஷிப்ட் காலை ஆறு மணியையொட்டித் தொடங்கும். அதற்கான பஸ்ஸைப் பிடிக்க ஐந்து மணிக்கே ஸ்டாப்பிங்கில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் யாருக்கும் பசிப்பதில்லை, வீட்டில் எதுவும் வெந்திருப்பதும் இல்லை. ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும்தான் முதல் உணவு. உடல் உண்மையில் கேட்கும் காலை உணவு ஆலைக்குள் எட்டரைக்கோ ஒன்பதுக்கோ கேன்டீனில் கிடைக்கிறது.

இதற்குச் சட்டத்தின் பின்புலம் உண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, குறைந்தது அரை மணி நேர இடைவேளை இல்லாமல் யாரையும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது என்றது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீன் நடத்தக் கட்டளையிட மாநில அரசுக்கு 46-ஆவது பிரிவு அதிகாரம் கொடுத்தது. இந்தச் சிந்தனைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. பிரிட்டனில் 1833-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே இளம் தொழிலாளர்களுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் உணவுக்கென ஒதுக்க வேண்டும் என்றது. தொழில்யுகம் மனிதனின் நேர உணர்வையே மாற்றி அமைத்தது என்று வரலாற்றறிஞர் ஈ. பி. தாம்சன் 1967-இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. வேலையின் போக்கை ஒட்டி ஓடிய நேரம், கடிகாரத்தை ஒட்டி ஓடத் தொடங்கியது என்றார் அவர். ஏரிப் பாசன வயலிலிருந்து ஒரகடத்து ஆலைக்கு மாறிய ஒரு படப்பைக் குடும்பம், பிரிட்டன் பல தலைமுறைகளில் கடந்த அதே மாற்றத்தை ஒரே தலைமுறைக்குள் கடந்திருக்கிறது.

கேன்டீன் இருக்கும் பெரிய ஆலை ஒரு பக்கம். அதற்கு வெளியே இருப்பவர்கள் எத்தனையோ பேர்: சிறு பட்டறையில் வேலை செய்பவர், கட்டடத் தொழிலாளி, சுமை இறக்குபவர், லாரி ஓட்டுநர், வீட்டு வேலைக்குப் போகும் பெண். இவர்களுக்குச் சாலையோரத் தள்ளுவண்டியும் கையேந்தி பவனும்தான் கேன்டீன். பெரும்பாலும் கணவனும் மனைவியுமாக நடத்தும் இந்தக் கடைகளில் அதிகாலை மூன்று மணிக்கே வேலை தொடங்கிவிடும். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்து அறையெடுத்துத் தங்கியிருப்பவர்கள் முறைவைத்து ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் செய்துகொள்கிறார்கள். நேரம் தப்பிய நாளில் அவர்களும் பூரிக் கடையில்தான் நிற்கிறார்கள். நகரத்து ஏழைத் தொழிலாளர்களின் இந்தத் தேவையை அரசு ஏற்கனவே ஒருமுறை அங்கீகரித்தது. 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்கு இட்லி கொடுத்தது. கையில் பத்து ரூபாயோடு வேலை தேடி நிற்பவரும் வயிறார உண்டுவிட்டு மரியாதையாக எழுந்து போகலாம் என்ற நிலையை அது உருவாக்கியது. அந்த வசதி மாநகராட்சி எல்லையோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆலைகளோ எல்லைக்கு வெளியே எழுந்தன.

ஆலைத் தொழிலாளர்களில் பெண்கள் பெருகியிருப்பது இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய சமூக மாற்றம். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று தொழில்துறை ஆண்டுக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. வெளி மாவட்டங்களிலிருந்து வரும் இளம் பெண்களுக்கு விடுதிதான் வீடு, விடுதிச் சாப்பாடுதான் வீட்டுச் சாப்பாடு. அது கெட்டால் என்னவாகும் என்பதை 2021 டிசம்பர் காட்டியது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். உலகச் சந்தைக்குத் தொலைபேசி செய்யும் ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட தொழிலாளர் விடுதி 706.50 கோடி ரூபாய்ச் செலவில் திறக்கப்பட்டதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். தொழிலாளி எங்கே தூங்குகிறாள், எதை உண்கிறாள் என்பது தொழில் கொள்கையின் பகுதி என்று ஒப்புக்கொள்ள ஒரு சாலை மறியல் தேவைப்பட்டது.

பள்ளியில் ஒரு தட்டு

அப்பா ஐந்து மணிக்கும் அம்மா ஆறு மணிக்கும் கிளம்பிவிட்ட வீட்டில் ஏழு வயதுக் குழந்தை என்ன சாப்பிடும்? நெடுங்காலம் இந்தக் கேள்வியைத் தாயிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பொதுமக்கள் சார்பில் அதற்கு விடை சொல்ல முன்வந்ததில் தமிழ்நாட்டுக்கு நூறாண்டு வரலாறு இருக்கிறது.

1920 செப்டம்பரில் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவர்களுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிட அனுமதி. வேறு சில பள்ளிகளுக்கும் விரிந்த அந்தத் திட்டம் சேர்க்கையைக் கண்கூடாக உயர்த்தியது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடக் காலனி அரசு இசையாததால் 1925-இல் நின்றது. 1956-இல் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989-க்குப் பிறகு முட்டை சேர்ந்தது. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர ஆணையிட்டபோது, தமிழ்நாடு முன்னுதாரணமாக இருந்தது.

காலை வேளை மட்டும் விடுபட்டிருந்தது. 2020 தேசியக் கல்விக் கொள்கை காலை உணவைப் பரிந்துரைத்தது, நிதி ஒதுக்கப்படவில்லை. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2022 மே 7 அன்று சட்டமன்றத்தில் காலை உணவுத் திட்டத்தை அறிவித்தபோது சொன்ன காரணங்கள் எளியவை: பள்ளி தூரமாக இருக்கிறது, பிள்ளைகள் சீக்கிரம் கிளம்புகிறார்கள், சில வீடுகளின் சூழல் இடம் கொடுப்பதில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 அரசுப் பள்ளிகள், 1,14,095 குழந்தைகள். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கிய விரிவாக்கத்தில் 31,008 பள்ளிகளும் 15.75 லட்சம் குழந்தைகளும் சேர்ந்தனர், ஒதுக்கீடு 404.41 கோடி ரூபாய். 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளும், 2025 ஆகஸ்ட் 26 அன்று நகர்ப்பகுதி உதவிபெறும் பள்ளிகளும் இணைந்தன. மொத்தம் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். 2023-இன் ஒதுக்கீட்டைக் குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,570 ரூபாய் வருகிறது. பள்ளி 220 நாள் நடப்பதாகக் கொண்டால் நாளுக்குப் பன்னிரண்டு ரூபாயைத் தொடவில்லை. ஒரு மாநிலம் தன் குழந்தைகளுக்காகச் செய்யக்கூடிய செலவுகளில் இவ்வளவு குறைந்த தொகைக்கு இவ்வளவு பயன் தருவது வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

திட்டம் தொடங்கியபோது வகுத்த உணவுப் பட்டியலைப் பாருங்கள். திங்களும் வியாழனும் உப்புமா வகைகள், செவ்வாயும் வெள்ளியும் கிச்சடி, புதன் பொங்கல், கூடவே காய்கறி சாம்பார். ஒரு குழந்தைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ சேமியாவோ சிறுதானியமோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு. இதில் இட்லியும் தோசையும் இல்லை. தமிழர் காலை உணவு என்றதும் நினைவுக்கு வரும் இரண்டும் தமிழ்நாட்டின் மிகப் பெரிய காலை உணவுத் திட்டத்தில் இல்லாததற்குக் காரணம் கடிகாரம். மாவாட்டி, இரவெல்லாம் புளிக்கவைத்து, ஈடு ஈடாக இட்லி எடுக்க இரண்டு மூன்று பெண்களுக்கு நேரம் போதாது. ஒரே பாத்திரத்தில் கிளறி, பள்ளி மணிக்கு முன்னால் இறக்கிவிடக்கூடிய பண்டங்களே இடம்பெற்றிருக்கின்றன. அதனால் உளுந்தும் அரிசியும் சேரும்போது கிடைக்கும் புரத நிறைவும், புளித்த மாவின் எளிய செரிமானமும் விட்டுப்போகின்றன. அந்த இழப்பைப் பருப்பும் காயும் முட்டையும் கொண்டு ஈடுசெய்ய வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு மேல் ரத்தசோகை இருக்கிறது. இவர்கள்தான் சில ஆண்டுகளில் ஒன்றாம் வகுப்பில் வந்து உட்காருகிறார்கள். மாவுச்சத்து பசியை ஆற்றும். ரத்தசோகையை அது மட்டும் ஆற்றாது.

காலை உணவு படிப்பை உயர்த்துமா என்ற கேள்விக்கு அளவான விடைதான் அறிவியலில் இருக்கிறது. ஜமைக்காவின் 16 கிராமப் பள்ளிகளில் 814 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 1998-இல் வெளியானது. ஒரு பாதிக் குழந்தைகளுக்கு ஓராண்டு காலை உணவு, மறுபாதிக்கு ஆரஞ்சுப் பழத்தில் கால் பங்கு. உணவு பெற்றவர்களின் வருகை, உயரம், எடை ஆகியவை சிறிதளவு கூடின. சிறு வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் முன்னேறினார்கள். தமிழ்நாட்டின் முதல் கட்டப் பள்ளிகளை ஆராய்ந்த மாநிலத் திட்டக் குழு, 1,543 பள்ளிகளில் 1,319 பள்ளிகளில் வருகை உயர்ந்ததாகக் கண்டது. மாயம் எதுவும் நிகழவில்லை. பசியோடு இருந்த குழந்தை பசியில்லாமல் உட்கார்ந்தது, வராத குழந்தை வந்தது. இவ்வளவு போதும். குழந்தையின் பசியை ஆற்றுவதற்குத் தேர்வு மதிப்பெண்ணைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை.

சாதி இங்கேயும் வந்தது. 2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில், பட்டியலினப் பெண் சமைத்த காலை உணவைத் தங்கள் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று சிலர் தடுத்தனர். நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் அங்கே சென்று குழந்தைகளோடு அமர்ந்து அந்த உணவை உண்டனர். காமராசர் மதிய உணவைத் தொடங்கிவைத்த மண்ணுக்கு அருகில் இது நடந்தது. இருந்தும் திட்டத்தை நடத்தியவர்கள் சமையல் செய்யும் பெண்ணை மாற்றவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். பொது உணவு பசியை ஆற்றும்போதே யார் யாரோடு அமர்ந்து உண்பது என்பதையும் கற்றுக்கொடுக்கிறது. அந்தப் பாடம் பல நேரம் பாடப்புத்தகத்தைவிடக் கடினமானது. 1969-இல் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் கறுஞ்சிறுத்தைகள் இயக்கத்தினர் ஒரு தேவாலயத்தில் கறுப்பினக் குழந்தைகளுக்கு இலவசக் காலை உணவு பரிமாறத் தொடங்கியபோதும் இதே தெளிவு இருந்தது: பசியோடு இருக்கும் குழந்தையிடம் சம உரிமை பேசுவதற்கு முன் அதற்கு ஒரு தட்டு வைக்க வேண்டும். அமெரிக்க அரசின் பள்ளிக் காலை உணவுத் திட்டம் 1966-இல் சோதனை முயற்சியாகத் தொடங்கி 1975-இல்தான் நிரந்தரமானது.

சமைப்பவளின் விடியல்

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் இந்தியப் பெண் நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் செலவிடுகிறாள். ஆண் செலவிடுவது 88 நிமிடம். அந்த 289 நிமிடத்தில் பெரும் பகுதி அடுப்படியில் போகிறது. அதிலும் விடியற்காலை நேரம்தான் கடுமையானது. தூக்கத்தைக் குறைத்துத்தான் அதைப் பெற முடியும். பள்ளியில் காலை உணவு கிடைப்பது குழந்தைக்குக் கிடைத்த உணவு மட்டுமன்று. தாய்க்குத் திருப்பித் தரப்பட்ட நேரமும் ஆகும். ஒரகடத்து முதல் ஷிப்டுக்குப் போகும் பெண் ‘பிள்ளை ஸ்கூல்ல சாப்பிட்டுக்கும்’ என்று நிம்மதியாக பஸ் ஏற முடிவது ஒரு பொருளாதார நிகழ்வு.

ஆனால் அந்த விடியல் மறைந்துவிடவில்லை. கை மாறியிருக்கிறது. படப்பை போன்ற ஊராட்சிப் பகுதிகளில் அந்தந்த ஊரின் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். தங்கள் குழந்தையும் அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது அவர்களைத் தேர்ந்தெடுப்பதற்கான நிபந்தனைகளில் ஒன்று. அக்கறையோடு சமைப்பார்கள் என்ற நல்லெண்ணத்தில் வைத்த விதி அது. இருள் பிரியுமுன் பள்ளிச் சமையலறைக்கு வந்து, காய் நறுக்கி, சாம்பாரைக் கொதிக்கவிட்டு, கிளறி இறக்கி, ருசி பார்த்து, பரிமாறி, பாத்திரம் கழுவிவிட்டு அவர்கள் வீடு திரும்பும்போது பள்ளியின் முதல் பாடம் முடிந்திருக்கும். சத்துணவு மைய ஊழியர்களுக்குப் போராட்டங்களின் பயனாகச் சிறப்புக் காலமுறை ஊதியமாவது உண்டு. காலை உணவுச் சமையலருக்குக் கிடைப்பது மதிப்பூதியம்தான். ‘அவர்களும் தாய்மார்கள்தானே’ என்ற சொல் புகழ்ச்சியாகச் சொல்லப்படுகிறது. ஊதியத்தைக் குறைத்து வைக்கவும் அதே சொல் உதவுகிறது. தாயின் விடியலை மீட்ட திட்டம் இன்னொரு தாயின் விடியலை மலிவாக வாங்கக் கூடாது.

அடுத்து என்ன?

இந்த வரலாற்றிலிருந்து நான்கு முடிவுகள் நேராகக் கிடைக்கின்றன.

முதலாவது, காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கும் எல்லையைத் தளர்த்த வேண்டும். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வகுப்புகள் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. ஐந்தாம் வகுப்புத் தம்பி சாப்பிடும்போது ஆறாம் வகுப்பு அக்கா வகுப்பறையில் காத்திருக்கிறாள். பூப்பெய்தும் வயது, ரத்தசோகை அபாயம் கூடும் வயது, உடல் வேகமாக வளரும் வயது அவளுடையது. சமையலறையும் பாத்திரமும் ஆட்களும் ஏற்கனவே அங்கே இருக்கும்போது எட்டாம் வகுப்பு வரை கொண்டுசெல்வதற்கு ஆகும் கூடுதல் செலவு பெரிதன்று.

இரண்டாவது, சமைக்கும் பெண்களுக்கு நிலையான ஊதியமும் விடுப்பும் காப்பீடும் வேண்டும். திட்டத்தின் தரம் அந்தக் கைகளில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆள் மாறும் சமையலறையில் தரம் நிலைக்காது.

மூன்றாவது, பட்டியலில் புரதம் ஏற வேண்டும். முட்டை மதியத்தோடு நிற்க வேண்டியதில்லை. வேர்க்கடலை, சுண்டல், முருங்கைக் கீரை போன்றவை வட்டார விளைபொருள்கள், சமைக்க அதிக நேரமும் கேட்பதில்லை. கேழ்வரகும் கம்பும் விதிப்புத்தகத்தில் இருப்பதுபோல் தட்டிலும் தவறாமல் இருக்க வேண்டும். தொண்டை மண்டலத்தின் பழைய காலை உணவு பள்ளியின் வழியாக மரியாதையோடு திரும்பிவர அது ஒரு வாய்ப்பு.

நான்காவது, பெரியவர்களின் காலையும் பொதுக் கவனத்துக்கு வர வேண்டும். ஒரகடம், படப்பை, ஸ்ரீபெரும்புதூர் ஆகியவை மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருந்தாலும் அங்கே உழைப்பவர்கள் நகரத் தொழிலாளர்கள். தொழிற்பூங்கா அமைக்கும்போது சாலை, மின்சாரம், கழிவுநீர் வசதியைத் திட்டமிடுவதுபோல் அதிகாலை ஐந்து மணிக்குத் திறந்திருக்கும் மலிவு விலை உணவகத்தையும் திட்டமிட வேண்டும். தள்ளுவண்டிக் கடைக்காரர்களை விரட்டாமல், குடிநீரும் கழிவுநீர் வசதியும் நிற்க ஓர் இடமும் கொடுத்து, தெருவோர வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டம் நகரங்களில் தரும் உரிமையைப் போன்ற உரிமையோடு அந்த ஏற்பாட்டில் சேர்த்துக்கொள்ளலாம். கேன்டீன் இல்லாத சிறு பட்டறைகளின் தொழிலாளர்களுக்கு இது உடனடி நிவாரணம்.

ஒரு சமுதாயம் தன் வேலை நேரத்தை முன்னுக்குத் தள்ளினால் காலை உணவின் பொறுப்பையும் அதுவே ஏற்க வேண்டும். ஆறு மணி ஷிப்டால் உற்பத்தியைப் பெருக்கிக்கொள்ளும் ஆலைகளும், அந்த ஆலைகளால் வருவாய் பெறும் அரசும், அந்தக் கார்களிலும் பேருந்துகளிலும் பயணிக்கும் நாமும் சேர்ந்து சுமக்க வேண்டிய பொறுப்பு அது. 1920-இல் ஓர் அணாவை ஒதுக்க முன்வந்த ஒரு மாநகராட்சியைக் கணக்குத் தலைப்பைக் காட்டித் தடுத்தார்கள். நூறாண்டு கழித்து இருபது லட்சம் குழந்தைகளுக்குத் தட்டு வைத்த மாநிலத்துக்கு அப்படி ஒரு தடை இன்று இல்லை. மீதமிருப்பது இந்தக் கடமையை ஆறாம் வகுப்பு மாணவிக்கும், பட்டறைத் தொழிலாளிக்கும், இருவருக்கும் சமைக்கும் பெண்ணின் ஊதியத்துக்கும் விரிப்பதுதான். அதற்கு வேண்டிய அனுபவமும் ஆட்களும் சமையலறைகளும் தமிழ்நாட்டிடம் இருக்கின்றன.